ஓடக்காரியின் சோழநாடு

நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகத் தெற்கே போனால் வீராணம் ஏரி வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆயிற்று. தமிழில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டுவரும் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அந்த ஏரியின் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போகிற வழியில் எங்கள் ஊருக்குப் பக்கத்து வடக்குத்தில் அதைச் சுத்திகரிக்கிறார்கள். கரையில் குதிரை ஏறிவந்த வந்தியத்தேவனைத் தமிழகம் முழுவதும் தெரியும். அன்று அதே கரையில் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்து, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுவெள்ளம் பார்த்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குத் தெரியாது.

அந்த நாவல் கல்கி இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகங்கள். மணியம் படம் வரைந்தார். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் கல்கி மறைந்தார். 'சரித்திர நாவல்' என்பது அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர். ஆனால் அது வாசகரை ஆட்கொள்ளும் விதத்தைப் பார்த்தால், இன்று உலகெங்கும் இளைஞர்கள் படிக்கும் மாய உலகத் தொடர்நாவல்களுக்கு நம்மிடம் இருக்கிற மிக நெருங்கிய உறவு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே வரைபடம் உண்டு, இங்கே காவிரியும் கோடிக்கரையும் ஈழமும் உண்டு. அங்கே வால் நட்சத்திரம் தீங்கு சொல்லும், இங்கேயும் சொல்கிறது. காணாமல் போன வாரிசு, மாறிப்போன குழந்தை, சுரங்கப்பாதை, பழிவாங்கும் சபதம் எல்லாம் இருக்கின்றன. அரியணை யாருக்கு என்பதே அங்கும் இங்கும் கேள்வி.

இப்படிப்பட்ட கதையை, அரியணைக்கு எந்த உரிமையும் இல்லாத ஒரு சாதாரண மனுஷியின் கண்களால் சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. இது கதை சொல்லும் உத்தி பற்றிய கேள்வி மட்டுமில்லை. வரலாறு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

கல்கியே இதில் பாதி தூரம் வந்தவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் தன் கதையின் கண்ணாக இளவரசனை வைக்கவில்லை, ஓலை கொண்டுபோகிற ஒரு வாலிபனை வைத்தார். வந்தியத்தேவன் கையில் காசில்லாதவன், பசிக்கிறவன், மாட்டிக்கொள்கிறவன். ஆனாலும் அவன் வாணர் குலத்துப் பிள்ளை. இழந்த அரசு ஒன்று அவன் பின்னால் இருக்கிறது. குந்தவையை மணக்கத் தகுதியான சாதாரணன் அவன். உண்மையிலேயே எதுவும் இல்லாதவர்கள் அவனுக்கு இரண்டு படி கீழே நிற்கிறார்கள். பூக்கட்டுகிறவன், வைத்தியர் மகன், கலங்கரை விளக்கக் காவலர், படகுக்காரர்கள். அவர்களில் ஒருத்தி பூங்குழலி.

பூங்குழலியை நம்மில் பலருக்குப் பிடிக்கும். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தியாகவிடங்கரின் மகள். தனியாகக் கடலில் படகு விடுவாள். சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லி வந்தியத்தேவனைத் திகைக்க வைப்பாள். அவனை ஈழத்துக்குக் கொண்டு சேர்ப்பவள் அவள். புயலில் இளவரசரையும் அவனையும் கடலிலிருந்து மீட்பவளும் அவள். சோழர் கடலாட்சியைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நாவலில் கடலை வாசிக்கத் தெரிந்த ஆள் ஒரு பெண்.

ஆனால் அவள் எப்போது நம் கண்ணில் படுகிறாள்? ஒரு ஆண் கரை கடக்க வேண்டியிருக்கும்போது. படகு கரையைத் தொட்டதும் கதை இறங்கி அவனோடு நடந்துவிடுகிறது. அவள் துடுப்போடு நின்றுவிடுகிறாள். அடுத்து யாருக்காவது கடலைக் கடக்க வேண்டிவரும் வரை அவளுக்கு என்ன நடந்தது என்று பல அத்தியாயங்களுக்கு நமக்குத் தெரியாது.

இதை நான் எந்த ஆய்வு நூலிலும் கற்கவில்லை, என் அம்மாவிடம் கற்றேன். தொடர் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956இல்தான் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும், வெளி மாநிலங்களிலிருந்தும் இங்கே குடிவந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு சில பைண்டு புத்தகங்களையும் கொண்டுவந்தார்கள். கல்கி இதழ் அந்த நாவலைப் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தொடராக வெளியிட்டது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்த தொகுதிகள் அவை. எங்கள் வீட்டில் இருந்ததில் மூன்றாம் பாகம் இல்லை. பக்கத்து பிளாக்கில் ஒரு மாமியிடம் இருந்தது. அதை வாங்கப் போனால் நம் இரண்டாம் பாகத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அம்மா கதை சொல்லும்போது போரையும் சதியையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். அப்புறம் தன் கேள்விகளுக்கு வருவார். "அந்தப் பொண்ணு ராத்திரி பூரா துடுப்பு போட்டுச்சே, வந்து எங்கடி சாப்பிட்டுச்சு?" "அந்தப் பூக்காரம்மா, வாய் பேசாதவ, பெத்த புள்ளை மாதிரி வளர்த்தாளே, அவளுக்கு யாரு துணை?" இந்தக் கேள்விகளுக்கு நாவலில் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விகளைத்தான் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். முனைவர் பட்டத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவர் கேட்டது ஒரு கதைசொல்லல் கோட்பாட்டுக் கேள்வி என்று. யார் வாயால் சொல்லப்படுகிறதோ அவருடைய பசிதான் கதையில் பசியாகும்.

அம்மா கேட்ட அந்தப் பூக்காரம்மாவின் பெயர் வாணி. பூங்குழலியின் அத்தை, சேந்தன் அமுதனின் தாய். தஞ்சையில் நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூ கொடுக்கிறவர். அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அவருடைய சகோதரி மந்தாகினிக்கும் அப்படித்தான். நாவல் அவரை 'ஊமை ராணி' என்கிறது. சுந்தர சோழன் இளவரசுப் பட்டம் வருமுன் ஈழத்தை ஒட்டிய ஒரு தீவில் தனித்துக் கிடந்தபோது அவனைக் காப்பாற்றி, அவனோடு வாழ்ந்து, கப்பல் வந்து அவனை அழைத்துப்போனதும் கைவிடப்பட்டவள்.

நாவலின் முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். செம்பியன் மாதேவிக்குப் பிறந்த குழந்தை அசைவற்றுக் கிடக்க, அதைப் புதைத்துவிடும்படி வாணியிடம் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு உயிர் இருப்பதை வாணி காண்கிறாள். எடுத்துக்கொண்டு போய்த் தன் மகனாக வளர்க்கிறாள். அவன்தான் சேந்தன் அமுதன். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்கிறவன் மந்தாகினியின் மகன். ஆக, சோழ அரியணையின் உண்மையான வாரிசு யார் என்பது தெரிந்த பெண் நாட்டில் இருக்கிறாள், தினமும் பூப்பறித்துக்கொண்டிருக்கிறாள். அவளால் சொல்ல முடியாது. அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஐந்து பாகங்களில் மூன்று தேவைப்பட்டிருக்காது.

இதைக் கல்கியின் குறை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, ஒரு உண்மையைத் தொட்டுவிட்டார். அரச குடும்பங்களின் ரகசியங்கள் எப்போதும் யாருக்குத் தெரியும்? மருத்துவச்சிக்கும் பால் கொடுத்தவளுக்கும் துணி துவைத்தவளுக்கும்தான். அவர்கள் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் பரம்பரை என்ற கட்டடமே நிற்கிறது. கல்கி அந்த 'பேசமாட்டார்கள்' என்பதை உடலில் கொண்டுவந்து வைத்துவிட்டார். தொடரில் மிக முக்கியமான செய்தியை வைத்திருக்கும் இரண்டு எளிய பெண்களும் பிறவியிலேயே பேச்சற்றவர்கள். சமூகம் பூட்டிய வாயை இயற்கை பூட்டியதாகக் காட்டுவது கதைக்கு வசதி. யாரும் குற்றவாளி ஆக வேண்டியதில்லை.

அப்படியும் மந்தாகினி ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். அனுராதபுரத்துப் பாழடைந்த கட்டடத்தின் சுவர்களில் தன் வாழ்க்கையைச் சித்திரங்களாகத் தீட்டி வைத்திருக்கிறாள். தீவு, அவன், கப்பல், பிரிவு, கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் விழுந்தது, காப்பாற்றப்பட்டது, குழந்தைகள், காவிரியில் விழுந்த இளவரசனைத் தூக்கிக் காத்தது. அருள்மொழியை அழைத்துப்போய் அதைக் காட்டுகிறாள். என் கணக்கில் தமிழ்த் தொடர்நாவல் வரலாற்றில் ஒரு சாதாரணப் பெண் தன் கதையைத் தானே சொல்லும் மிக அரிய இடங்களில் அது ஒன்று. ஐந்து பாகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆறாவது பாகம் அது, ஆசிரியர் அவள், எழுத்து கிடையாது. ஆனால் அதை நமக்குச் சொல்வது யார்? அருள்மொழி. படம் அவளுடையது, பொருள் சொல்வது இளவரசன். அவன் படிக்காமல் விட்ட சித்திரம் ஏதாவது அந்தச் சுவரில் இருந்ததா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கற்பனையை விட்டுக் கல்லுக்கு வருகிறேன். வீராணத்தின் தென்கோடியில் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நாவலின் மையமான ஆதித்த கரிகாலன் கொலைக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் கல்வெட்டு. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் கொள்கிறார்கள். கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு வந்த அரசாணை. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் தொடர்பான சொத்துகளை எடுத்துக்கொள்ளும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஆணை அது.

இந்தக் கல்வெட்டைப் பற்றி நிறைய விவாதம் நடந்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி, கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இன்றும் அந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேள்வி எப்போதும் ஒன்றே: கொன்றது எந்த ஆண், கொல்லத் தூண்டியது எந்த இளவரசன்?

நான் அந்தக் கல்வெட்டின் உறவுமுறைப் பட்டியலைப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஆணை துரோகிகளோடு நிற்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், மனைவியர், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார் என்று நீள்கிறது. அவர்களோடு உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், அவர்கள் பெற்ற பெண்களை மணந்தவர்கள் என்றும் போகிறது. கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒருத்தி. அண்ணன் செய்த குற்றத்துக்கு, பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவள் புருஷன் வீட்டு நிலம் போகிறது. அன்றிரவு அந்த வீட்டில் அவளிடம் என்ன பேசியிருப்பார்கள்? மாமியார் என்ன சொல்லியிருப்பார்? 'உன்னைக் கட்டினதால்தானே' என்ற சொல் வராமலா இருந்திருக்கும்? தண்டனை பெண்களின் திருமண உறவு வழியாகத்தான் குடும்பம் குடும்பமாகப் பாய்ந்திருக்கிறது. ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்வதுபோல.

அந்தப் பட்டியலில் பெண்கள் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களாகவே இருக்கிறார்கள். ஒரு தாயின் பெயர் மட்டும் தனியே வருகிறது: பெரிய நங்கைச்சானி. சானி என்பது அக்காலத்தில் பிராமணப் பெண்களின் பெயரோடு வரும் மரியாதைச் சொல். நாவலில் ரவிதாசன் காட்டில் ஆந்தைபோலக் குரல் கொடுக்கிறான், மந்திரவாதி, சதிகாரன். நங்கைச்சானி நாவலில் இல்லை. ஆனால் அவர் கல்லில் இருக்கிறார். ரவிதாசனின் குரல்தான் கற்பனை, இவருடைய இழப்பு கற்பனை இல்லை.

இவர் நிலமுடைய வீட்டுப் பெண் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் நிலம் கைமாறியபோது என்ன ஆனாள் என்பதைச் சொல்ல இந்தக் கல்லிலும் இடமில்லை. 'சாதாரண' என்ற சொல்லுக்கு அடித்தளம் கிடையாது. தோண்டத் தோண்டக் கீழே இன்னொருத்தி இருப்பாள்.

சோழர் கல்வெட்டுகள் எளிய பெண்களைப் பற்றிப் பேசவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் பெயராகச் சொல்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், நக்கன் என்று தொடங்கும் அவள் பெயர் என்ன, அவளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது வரை இருக்கிறது. அவள் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதும் இருக்கிறது.

முதல்முறை அதைப் படித்தபோது நெய்வேலிக்காரியாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிளாக் எண், தெருப் பெயர், குவார்ட்டர்ஸ் எண், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஒருவரை அடையாளம் சொல்லும் ஊரில் வளர்ந்தவள் நான். ஒரு பெரிய கட்டுமானத்துக்காகப் பல ஊர்களிலிருந்து திரட்டி வரிசை வீடுகளில் வைக்கப்பட்ட மக்கள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதிவேடு நம் முகவரியைச் சொல்லும், சம்பளத்தைச் சொல்லும். புது வீட்டில் முதல் ராத்திரி தூக்கம் வந்ததா என்பதைச் சொல்லாது. அந்த 400 பேரில் ஒருத்தி, திருவாரூரை விட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் நெருப்பு வாங்கப் போயிருப்பாள். அந்த உரையாடலிலிருந்து ஒரு சோழர் நாவல் தொடங்கலாம். தொடங்கியிருந்தால் ராஜராஜன் அதில் மூன்றாம் அத்தியாயத்தில், தூரத்தில், யானைமேல் ஒருமுறை போவான்.

அப்படி ஒரு தொடர்நாவலைத் தன் கைப்படவே திருப்பிப்போட்ட எழுத்தாளர் ஒருவர் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின். அவருடைய எர்த்ஸீ என்ற தீவுலகத்தில் மந்திரவாதிகள், டிராகன்கள், அரசன் இல்லாத அரியணை எல்லாம் உண்டு. முதல் நாவல் 1968இல் வந்தது, மூன்றாவது 1972இல். மந்திரம் கற்கும் பள்ளியில் ஆண்களுக்கே இடம். கெட் என்ற மாபெரும் மந்திரவாதியே முதன்மை நாயகன். பிறகு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், நான்காம் நாவலாக 'தெஹானு' வந்தது. அதில் கதை ஒரு நடுவயது விதவையின் பக்கம் நிற்கிறது. டெனார். சிறுமியாக இருந்தபோது இருட்டுக் கல்லறைகளின் தலைமைப் பூசாரியாக வைக்கப்பட்டவள். பின்னாளில் ஒரு விவசாயியை மணந்து, பிள்ளை பெற்று, ஆடு மேய்த்து, பாத்திரம் கழுவி வாழ்கிறவள். தன் சொந்த மனிதர்களாலேயே நெருப்பில் எறியப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் வருகிறான், ஆனால் சக்தியெல்லாம் இழந்து வருகிறான். பழைய வாசகர்கள் பலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. வீரம் எங்கே என்று கேட்டார்கள். எரிந்த குழந்தையைக் கூசாமல் தொட்டுத் தலைவாரிவிடுவது வீரம் இல்லையா என்பது அந்த நாவலின் பதில்.

தெஹானுவையும் பூங்குழலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பாதைகள் எதிரெதிராகப் போவது தெரியும். டெனார் பீடத்திலிருந்து அடுப்படிக்கு வருகிறாள். கதையும் அவளோடு இறங்கி வருகிறது. பூங்குழலி படகிலிருந்து அரண்மனைக்குப் போகிறாள். சேந்தன் அமுதனே உண்மையான வாரிசு என்று தெரிந்து, அவன் உத்தம சோழனாக முடிசூட, அவனை மணந்த ஓடக்காரி சோழநாட்டின் பட்டத்தரசி ஆகிறாள். அரசி ஆகும் ஆசையை விட்டுவிட்டுப் பூக்கட்டுகிறவனின் குடிசையே போதும் என்று அவள் முடிவெடுத்த பிறகு இது நடக்கிறது. கல்கி அவளுக்கு நியாயம் செய்ய நினைத்தார் என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு சாதாரணப் பெண்ணின் மதிப்பை நிரூபிக்க அவளுக்கு மகுடம் சூட்டவேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். மகுடம் வைத்த கணத்தில் அவள் சாதாரணப் பெண் இல்லை. கடலைத் தெரிந்த ஒரே ஆளையும் நாவல் இழந்துவிட்டது.

வரலாற்றில் உத்தம சோழனுக்கு அரசியர் பலர். செம்பியன் மாதேவி என்ற ஊரில், தங்கள் மாமியாரின் பெயரால் அறக்கொடைகள் செய்திருக்கிறார்கள். கோடிக்கரைப் பெண் அவர்களில் இல்லை. 2023இல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகத் திரைப்படத்திலும் அந்த முடிவு இல்லை. அருள்மொழி அங்கே மகுடத்தை அரண்மனை மதுராந்தகனுக்கே சூட்டுகிறான். ஓடக்காரிக்குக் கிடைத்த அரியணை எழுபது ஆண்டுகளில் ஓசையில்லாமல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்காக ரகளை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கொடுத்ததும் அவளைக் கேட்டுக் கொடுக்கவில்லை, எடுத்ததும் கேட்டு எடுக்கவில்லை.

நம் மரபில் இந்தப் பார்வைக்கு இடமே இல்லையா? உண்டு. அகப்பாடல்களில் தலைவன் தலைவியைவிடத் தோழிதான் நன்றாகப் பேசுகிறாள். செவிலி பேசுகிறாள், வழியில் கண்டவர்கள் பேசுகிறார்கள். யாருக்கும் இயற்பெயர் கூடாது என்ற விதி அங்கே எல்லோரையும் கொஞ்சம் சமமாக்குகிறது. சிலப்பதிகாரத்தில் மாதரி இருக்கிறாள். மதுரையில் கண்ணகிக்கு வீடு கொடுத்து, சமைக்க அரிசியும் காயும் கொடுத்த இடைக்குலப் பெண். அடைக்கலமாக வந்தவர்களுக்கு நேர்ந்ததைத் தாங்காமல் அவள் தீப்புகுந்தாள் என்ற செய்தியைக் காப்பியம் பின்னால் வேறொருவர் வாயால் சொல்லிவிட்டுப் போகிறது. கண்ணகி மதுரைக்கு வைத்த தீ ஒரு காண்டத்தின் உச்சம். மாதரியின் தீ ஒரு செய்தி. நாம் முதல் தீயைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளாக என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். பொன்னியின் செல்வனில் வரும் யாராவது ஒருவரின் வாயால் ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை, அவருக்கு அரண்மனையில் படுக்கை இருக்கக்கூடாது. பெரும்பாலானவர்கள் பூங்குழலியை எடுப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி ராக்கம்மாளை எடுத்தாள். பூங்குழலியின் அண்ணி, சதிகாரர்களோடு சேர்ந்துகொண்டவள், யாருக்கும் பிடிக்காதவள். அந்த மாணவி எழுதியது இதுதான்: நாத்தனார் இஷ்டப்பட்ட நேரத்தில் படகெடுத்துக்கொண்டு பாட்டுப் பாடிப் போய்விடுவாள். மாமனாருக்குச் சோறு போடுவதும், மீன் ஆய்வதும், திரும்பி வருகிறவளுக்குப் பழைய சோறு எடுத்து வைப்பதும் அண்ணி. ராஜகுமாரர்கள் நாத்தனாரைத் தேடி வருகிறார்கள். அண்ணியைத் தேடி வந்து "நீ எங்களுக்கு வேண்டியவள்" என்று முதலில் சொன்னது ரவிதாசனின் ஆட்கள்தான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. என் அம்மா கேட்ட "எங்கடி சாப்பிட்டுச்சு" என்ற கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. துரோகத்தை அந்த மாணவி நியாயப்படுத்தவில்லை. துரோகம் எந்த அடுப்படியிலிருந்து புறப்பட்டது என்று காட்டினாள். பூங்குழலியின் சுதந்திரத்துக்கும் ஒருத்தி உழைத்திருக்கிறாள் என்பதை எங்களில் யாரும் அதுவரை நினைக்கவில்லை. அந்த மாணவியின் பாட்டி, சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அந்த ஊரின் பெயர் இன்று பேருந்துப் பலகையில் இல்லை. அடுத்த முறை பாட்டியின் வாயால் எழுதுகிறேன் என்றாள். அரசர் யாரும் அதில் வரமாட்டார்கள், பரவாயில்லையா என்று கேட்டாள்.

பரவாயில்லை என்று சொன்னேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கல்கியை எரிக்க வேண்டியதில்லை. ஆசையோடு படியுங்கள், நானும் படிக்கிறேன். படகு கரையைத் தொட்டு, கதை ஆண்களோடு இறங்கி நடக்கும்போது மட்டும் நீங்கள் இறங்காதீர்கள். படகிலேயே இருங்கள். அவள் துடுப்பை எங்கே வைக்கிறாள், யார் வீட்டுக்குப் போகிறாள், அங்கே யார் அவளுக்குச் சோறு எடுத்து வைக்கிறாள் என்று பாருங்கள். முடிந்தால் காட்டுமன்னார்கோயிலுக்கு ஒருமுறை போய் அந்தக் கல்லின் முன் நில்லுங்கள். கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று எல்லோரும் தேடிய அதே வரிகளில் பெரிய நங்கைச்சானியைத் தேடுங்கள்.

நங்கைச்சானி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எழுதப்போகிறவள் உங்களில் ஒருத்தியாக இருக்கலாம்.